நோன்பு மாதத்துப் பகற்சோறு

தலையணையை வெயிலில் காயவைப்பதற்காக உறையைக் கழற்றியபோது சபூறாவின் காலடியில் ஒரு குளிசை அட்டை விழுந்தது. குனிந்து எடுத்துப் பார்த்தார். எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. புத்தளத்து அகதி முகாமில் இருந்த காலத்தில் மருத்துவ மாதுமார் கொட்டில் கொட்டிலாக வந்து பெண்களின் கையில் கொடுத்துவிட்டுப் போகிற அதே அட்டைதான். பிள்ளை தங்காமல் இருக்கப் போடுகிற குளிசை. அட்டையில் பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது.

மருமகள் ஷமீலா கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் குசினிப் பக்கத்தால் இறங்கி வருவதையும் அவர் கையில் இருப்பதையும் அவள் ஒன்றாகவே கண்டாள். போர்நிறுத்தம் வந்து பாதை திறந்து, முள்ளியவளைக்குத் திரும்பி வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. கூரைக்குப் பாதி தகரமும் பாதி தறப்பாளுமாக இருந்த அந்த வீட்டில் எதையும் ஒளித்து வைக்க ஒரு மூலை கிடையாது. தலையணை ஒன்றுதான் இருந்தது.

“என்ன புள்ள இது?”

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு கையிலிருந்த சவர்க்கார நுரையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “நான்தான் போடுறன் மாமி. அவருக்கும் தெரியும்.”

சபூறா சத்தம் போடுகிற மனுசி. ஊரில் அவர் குரலை நாலு வளவு தள்ளியும் கேட்கலாம். அன்று அவர் சத்தம் போடவில்லை. “நான் ஒவ்வொரு தொழுகைக்கும் கையேந்தி ஒரு புள்ளையைக் கேக்கிறன். நீ ராவில இதைப் போட்டுட்டுப் படுக்கிறாய்,” என்றார். அவ்வளவுதான். கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

ஷமீலாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்திருந்தார்கள். இரண்டும் புத்தளத்தில். முதலாவது எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அசையாமல் போயிற்று. இரண்டாவது நிறைமாதத்தில் பிறந்தது. அதைப் பார்த்த பெண்கள் எல்லாம் எவ்வளவு பெரிய பிள்ளை, எவ்வளவு கொழுத்த கன்னம் என்றார்கள். ஒரு பொழுதுகூட அது தாங்கவில்லை. கண்ணூறு என்றார்கள் சிலர். தாயின் வயிற்றில் ஏதோ குறை என்றார்கள் வேறு சிலர், அவள் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டு. அந்த இரண்டு பிள்ளைகளையும் குளிப்பாட்டி வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தவர் சபூறாதான். அதைப்பற்றி மாமியும் மருமகளும் ஒருநாளும் கதைத்ததில்லை.

திரும்பி வந்த பிறகு ஷமீலாவுக்குத் தாகம் அடங்காமல் இருந்தது. இரவில் குடத்தோடு படுக்க வேண்டியிருந்தது. காலில் முள் குத்திய புண் ஒன்று மாதக்கணக்காக ஆறவில்லை. கணவன் முஹ்ஸின் அவளை வவுனியாவுக்குக் கூட்டிப் போனான். அங்கே கிளினிக்கில் இருந்த பெண் டொக்டர் புண்ணைப் பார்த்தார், இரத்தம் எடுக்கச் சொன்னார், முடிவு வந்ததும் புண்ணை விட்டுவிட்டு வேறு கேட்டார்.

“பிள்ளையள்?”

“ரெண்டு,” என்றாள் ஷமீலா. பிறகு, “இல்லை,” என்றாள்.

டொக்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டார். எத்தனையாம் மாதம், எவ்வளவு பருமன், பிறந்த பிறகு எப்படி இருந்தது. யாருமே அதுவரை அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: “உங்களில பிழையில்லை. கண்ணூறுமில்லை. இது சீனி வருத்தம். அப்பவே இருந்திருக்கு, ஒருத்தரும் பாக்கேல்ல. தாயின்ர இரத்தத்தில சீனி கூடினா பிள்ளை அளவுக்கு மிஞ்சி வளரும், இல்லாட்டி உள்ளுக்கையே நிண்டுபோம்.”

“அப்ப எனக்கு இனி இல்லையா?”

“ஏன் இல்லை? ஆனா முதல் சீனியைக் குறைக்க வேணும். பிறகுதான் பிள்ளை. நீங்கள் உண்டாகியிருக்கிறதை நீங்களே அறிய முந்திப் பிள்ளையின்ர நெஞ்சும் முள்ளந்தண்டும் உருவாகத் தொடங்கியிடும். அந்த நேரத்தில இரத்தம் சரியா இருக்க வேணும். அதுவரைக்கும் இந்தக் குளிசையைப் போடுங்கோ. நிப்பாட்டுற நேரம் நான் சொல்லுவன்.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஷமீலா வழி நெடுக அழுதாள். முஹ்ஸின் பயந்துபோய்த் தண்ணீர் வாங்கிக் கொடுத்தான். அவள் துக்கத்தில் அழவில்லை என்பதை அவனுக்கு விளக்க அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடங்களாகக் காரணம் இல்லாமல் கிடந்த ஒன்றுக்கு ஒருவர் காரணம் சொல்லிவிட்டார். காரணம் இருக்கிற ஒன்றோடு மல்லுக்கட்டலாம்.

இதையெல்லாம் அவள் கிணற்றடியில் நின்று மாமியாருக்குச் சொன்னாள். சபூறா குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அப்ப அந்த ரெண்டும்? தெரிஞ்சிருந்தா?”

ஷமீலா ஈர உடுப்பொன்றை எடுத்துப் பிழிந்தாள். சபூறா கிணற்றுக்குள் பார்த்தார். பிறகு எழுந்து, அட்டையை அவள் கையில் வைத்தார்.

“தலையணைக்குள்ள வையாத. வேர்வை பட்டுப் பழுதாப்போம். அலுமாரிக்குள்ள வை.”

அன்று பின்னேரம் மீன் வாடியிலிருந்து வந்த முஹ்ஸின் தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். அவன் முல்லைத்தீவுக் கரையில் மீன் வாங்கி, ஐஸ் போட்டு வவுனியா லொறிக்கு ஏற்றுகிறவன். உப்புக்காற்றில் பகல் முழுக்க நின்றுவிட்டு வந்தால் அவனுக்கு மூன்று கரண்டி சீனி வேண்டும்.

“உம்மா, சீனி எங்க?”

“பக்கத்து வீட்டுக்குப் போயிட்டுது,” என்றார் சபூறா.

உண்மையாகவே போயிருந்தது. சீனிப் பேணியையும் பனங்கட்டி வைத்த ஓலைக் குட்டானையும் தூக்கிக்கொண்டு வேலிக் கடப்பால் போய் இராசேஸ்வரியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். இராசேஸ்வரியின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக்குக் கீழே வயல் செய்கிற குடும்பம். அவள் சபூறாவோடு சண்டையும் சமாதானமுமாக வேலியோரம் நாளைக் கழிக்கிறவள். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒருவருக்கும் சீனி இல்லை. முஹ்ஸின் ஒரு கிழமை முணுமுணுத்தான். பிறகு அவனும் வெறும் தேநீருக்குப் பழகிக்கொண்டான்.

அடுத்த மாதங்களில் ஷமீலா பட்ட பாட்டை நோய் என்று சொல்வதைவிடக் கூலி வேலை என்று சொல்லலாம். காலையில் குரக்கன் புட்டு, மத்தியானம் சிறங்கை அளவு சிவப்பரிசிச் சோறும் கோப்பை நிறையக் கீரையும் மீனும், பின்னேரம் வெயில் தணிந்ததும் ரோட்டு முடியும்வரை நடை. பசி அவளைச் சில நேரம் கிறுக்குப் பிடிக்க வைத்தது. இராத்திரியில் முகாமில் தின்ற பாணும் சீனியும் கனவில் வந்தன. கிராமத்து மருத்துவ மாது ஒரு போத்தலில் நீலத் தண்ணீரும் ஒரு கண்ணாடிக் குழாயும் கொடுத்திருந்தார். குழாயில் நீலத் தண்ணீரை ஊற்றி, அதில் சில துளி சிறுநீர் விட்டு, ஸ்பிரிற் விளக்கில் காய்ச்சிப் பார்க்க வேண்டும். சீனி இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, பிறகு மஞ்சள், மிஞ்சிப் போனால் செங்கட்டி நிறம். முதல் நாட்களில் அது செங்கட்டியாகவே வந்தது. சபூறா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் கலியாண வீடுகளில் அவர் சும்மா இருக்கவில்லை. யாராவது ஷமீலாவின் முன்னால் வட்டிலப்பத்தை வைத்து, “ஒரு துண்டு திண்டா என்ன செய்யும்?” என்று கேட்டால், சபூறா எட்டி அந்தத் துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்வார். “அவ திண்டாத்தான் செய்யும். நான் திண்டா ஒண்டும் செய்யாது,” என்பார்.

நிறம் மெல்ல மெல்ல மாறியது. செங்கட்டி மஞ்சளாகி, மஞ்சள் பச்சையாகி, ஒரு நாள் காலை கொதித்த பிறகும் நீலமாகவே நின்றது. ஷமீலா நம்பாமல் இன்னொரு தரம் காய்ச்சினாள். நீலம். குழாயைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். சபூறா அதை வெயிலில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “கடல் மாதிரி இருக்கு,” என்றார்.

அடுத்த சிறுபோக விதைப்புக்கு முன்னால் வவுனியாவில் டொக்டர் இரத்த முடிவைப் பார்த்துவிட்டு, “இனி நிப்பாட்டலாம்,” என்றார். பிள்ளையின் முள்ளந்தண்டுக்கென்று ஒரு சத்துக் குளிசையையும் கொடுத்தார். வயலில் பயிர் முழங்கால் அளவு எழும்ப முன்னமே ஷமீலாவுக்கு வாந்தி தொடங்கிவிட்டது.

உண்டானதும், அதுவரை சீனிக்குப் போட்டுவந்த குளிசைகளை நிறுத்தி இன்சுலின் ஊசியைத் தொடங்கினார்கள். ஊசியைக் குத்துவது அவளுக்குப் பயமாக இல்லை. வயிற்றில் பிள்ளை இருக்கையில் வயிற்றில் குத்துவதுதான் முடியாமல் இருந்தது. தொடையில் குத்திக்கொண்டாள். மருந்தைக் குளிராக வைத்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஊரில் கரண்ட் இல்லை, குளிர்ப்பெட்டி இல்லை. அது முஹ்ஸினுக்கு ஒரு பிரச்சினையே அல்ல. அவனிடம் ஐஸ் இருந்தது. குளிரைப் பிடித்து வைக்கிற ஒரு சிறிய ரெஜிபோம் பெட்டி நிறைய ஐஸ் உடைத்துப் போட்டு, அதன் நடுவில் மருந்துக் குப்பியைப் புதைத்து வைத்தான். காலையும் மாலையும் புது ஐஸ் கொண்டுவந்தான். அந்த வீட்டில் தன்னால் செய்யக் கூடிய ஒன்று கிடைத்துவிட்டதில் அவனுக்குப் பெரிய சந்தோசம். “என்ர வியாபாரத்தில பழுதாப்போன மீன் இல்லை. இந்த மருந்தையும் பழுதாப் போகவிடமாட்டன்,” என்று வாடியில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தான்.

ஆறாம் மாதத்தில் நீலம் போயிற்று. ஒரு காலை பச்சை, மறுநாள் மஞ்சள், அந்தக் கிழமை முடிய முன்னர் செங்கட்டி. ஷமீலா சோற்றைக் குறைத்தாள். ஊசி தவறவில்லை, நடை தவறவில்லை. நிறம் இறங்கவில்லை. அவளுக்கு மறுபடி தாகம் எடுத்தது. மறுபடி குடம் பாய்க்கருகே வந்தது. ஒரு பின்னேரம் சபூறா அவள் முன்னால் வந்து நின்றார். கேட்கக் கூடாது என்று நினைத்து நினைத்துக் கடைசியில் கேட்டுவிடுகிற குரலில் கேட்டார்.

“ஒளிச்சு ஏதும் திங்கிறியா புள்ள?”

ஷமீலா அன்று ஒன்றும் சாப்பிடவில்லை. பாயில் திரும்பிப் படுத்துக்கொண்டு, வயிற்றின் மேல் கையை வைத்து, உள்ளே அசைகிறதா என்று மட்டும் கவனித்துக்கொண்டிருந்தாள். அசைந்தது. எட்டாம் மாதம்வரை முதலாவதும் அசைந்ததுதான்.

அடுத்த நாள் முஹ்ஸின் வாடிக்குப் போகாமல் அவளை வவுனியாவுக்குக் கூட்டிப் போனான். மருந்துப் பெட்டியையும் டொக்டர் கேட்பார் என்று கொண்டுபோனான். டொக்டர் குப்பியை எடுத்து உள்ளங்கைகளுக்கு இடையில் உருட்டினார். பிறகு யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பால் போல் ஒன்றாகக் கலங்க வேண்டிய மருந்து, குப்பியின் சுவரில் துகள் துகளாக ஒட்டிக்கொண்டு நின்றது.

“ஐஸுக்குள்ளயா வச்சனீங்கள்?”

“ஓம் டொக்டர். ஒருநாளும் குளிர் விடேல்ல. மீன் ஒரு கிழமைக்கும் கெடாமக் கிடக்கும்,” என்றான் முஹ்ஸின்.

“மீனுக்குச் சரி. இது உறைஞ்சாச் செத்துப்போம். முந்தின குப்பியள் எப்பிடியோ தப்பியிருக்கு. இந்தக் குப்பியில இவ குத்தினது செத்த மருந்து.”

முஹ்ஸினின் முகம் கறுத்தது. டொக்டர் புது மருந்து கொடுத்தார். ஒரு புது மண்சட்டிக்குள் மணல் போட்டு, மணலை ஈரமாக வைத்து, அதன் நடுவே குப்பியை வைத்தால் போதும் என்றார். ஷமீலாவின் வயிற்றில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். “பிள்ளை நல்லா இருக்கு. நேரத்துக்கு வந்திட்டீங்கள்,” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் முஹ்ஸின் ரெஜிபோம் பெட்டியைக் கொண்டுபோய் வாடியில் போட்டுவிட்டு, ஒரு மண்சட்டியோடு திரும்பினான். அதை வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்து, ஆற்று மணலை அரித்துப் போட்டு, கையாலேயே தண்ணீர் தெளித்தான். சபூறா நடந்ததைக் கேட்டுவிட்டுக் குசினிக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு கோப்பைச் சோறும் சூடை மீன் குழம்புமாக வந்து ஷமீலாவின் முன்னால் வைத்தார். மீனின் முள்ளெல்லாம் எடுத்திருந்தது. “நான் கேட்டிருக்கக் கூடாது,” என்றார்.

நிறம் மறுபடி நீலத்துக்கு வந்தபோது மாரி மழை தொடங்கியிருந்தது. நோன்பு மாதமும் பிறந்தது. ஷமீலாவுக்கு அப்போது ஏழு மாதம் நடந்துகொண்டிருந்தது. அவள் மனதுக்குள் ஒரு நேர்த்தி வைத்திருந்தாள். இந்தப் பிள்ளை தங்கினால் இந்த வருடத்து நோன்பில் ஒன்றையும் விடமாட்டேன் என்று. முகாமில் குடிதண்ணீருக்கு வரிசையில் நின்ற வருடங்களிலும் விடாத நோன்பு அது. டொக்டர் பிடிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அதை அவள் வீட்டில் சொல்லவில்லை. முதல் நோன்பன்று விடிய முந்தி எல்லாரோடும் எழும்பி, ஊசியையும் போட்டு, சாப்பிட்டுவிட்டு, சத்தமில்லாமல் நோன்பைப் பிடித்துக்கொண்டாள். மத்தியானம் சபூறா சாப்பிடச் சொன்னபோது, “சாப்பிட்டிட்டன் மாமி,” என்றாள்.

பின்னேரத் தொழுகைக்குப் பிறகு நோன்புக் கஞ்சி அடுப்பில் இருந்தது. ஷமீலா அதைத் துழாவிக்கொண்டிருந்தாள். வெளியே மழை, குசினிக்குள் குளிர். ஆனால் அவளுக்கு வேர்த்தது. நெற்றியில் இருந்து கழுத்து வழியே வேர்வை ஓடியது. அகப்பை கையில் நிற்காமல் நடுங்கியது. சபூறா ஏதோ கேட்டார். அதற்குப் பதில் சொல்ல வாயெடுத்தாள், நாக்குத் தடித்துச் சொற்கள் குழம்பின. அகப்பை நிலத்தில் விழுந்தது.

சபூறா அவளைச் சுவரோடு சாய்த்து உட்காரவைத்தார். டொக்டர் சொன்னதென்று முஹ்ஸின் முன்பு சொல்லியிருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது: வேர்த்து நடுங்கினால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே சீனி கொடுங்கோ. ஆனால் வீட்டில் ஒரு மணி சீனி இல்லை. அறுபது வயது மனுசி, பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் படாத வாயோடு, செருப்பும் இல்லாமல் மழைக்குள் ஓடினார். வேலிக் கடப்பைத் தாண்டும்போதே, “இராசேஸ்வரி, சீனி, சீனி,” என்று கத்திக்கொண்டு போனார்.

இராசேஸ்வரி பேணியோடு எடுத்து நீட்டினாள். சபூறா அதற்குள் கையை விட்டு அள்ளிய சீனியைப் பொத்திப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடினார். மழையில் அது பாதி கரைந்து விரலிடுக்கால் வழிந்தது. மீதியை ஷமீலாவின் உதட்டுக்குள் தள்ளினார். “விழுங்கு புள்ள. விழுங்கு.” பின்னாலேயே ஓடிவந்த இராசேஸ்வரி இன்னும் சீனியைத் தண்ணீரில் கரைத்து மெல்லப் பருக்கினாள்.

கொஞ்ச நேரத்தில் ஷமீலாவின் கண் தெளிந்தது. அவள் முதலில் வயிற்றைத் தொட்டாள். சபூறாவும் தன் கையை அங்கே வைத்தார். இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார்கள். கஞ்சி அடுப்பில் பொங்கி வழிந்தது, யாரும் திரும்பவில்லை. பிறகு உள்ளேயிருந்து ஒரு உதை வந்தது. நல்ல கோபமான உதை.

சபூறா கையை எடுத்தார். விரலெல்லாம் சீனிப் பிசின். அதை வாய்க்குக் கொண்டுபோகாமல் சேலையில் துடைத்துக்கொண்டார்.

“நோன்பு புடிச்சனீ. என்ன?”

“ஓம் மாமி. நேர்ந்துகொண்டனான்.”

“நோயாளிக்கும் புள்ளத்தாச்சிக்கும் அவனே விட்டுத் தந்திருக்கிறான். நீ ரெண்டும். அவன் தந்ததை வேண்டாமெண்டு தள்ளிப்போட்டு நீ யாருக்கு நோன்பு புடிக்கிறாய்?”

ஷமீலா தலையைக் குனிந்தாள். “எல்லாரும் நோன்போட இருக்கேக்க நான் மட்டும் எப்பிடி மாமி சோறு திங்கிறது? வெக்கமா இருக்கு.”

“அப்ப நான் பக்கத்தில இருக்கிறன்,” என்றார் சபூறா.

இருந்தார். அந்த மாதம் முழுக்க, மத்தியானத் தொழுகை முடிந்ததும் சபூறா குசினியில் சோறு போட்டார். அளவான சோறு, கீரை, மீன். தானே சமைத்தது, நோன்போடு உப்புப் பார்க்காதது. கோப்பையை ஷமீலாவின் முன்னால் வைத்துவிட்டு எதிரே பலகையில் உட்கார்ந்துகொள்வார். காய்ந்த உதட்டோடு ஒவ்வொரு கவளத்தையும் பார்ப்பார். “அந்தக் கீரையை விடாத,” என்பார். முதல் நாட்களில் ஷமீலாவுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. பிறகு இறங்கியது. பிறகு அந்த நேரம் அவளுக்கு ஒரு தொழுகை மாதிரியே ஆகிவிட்டது. ஒருநாள் பள்ளிவாசல் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி ஏதோ அலுவலாகக் குசினி வாசல்வரை வந்துவிட்டாள். நோன்புப் பகலில் சோற்றுக் கோப்பையைக் கண்டு வாசலிலேயே நின்றாள். ஷமீலாவின் கை கோப்பையிலேயே நின்றுவிட்டது. சபூறா எழும்பிக் கதவைச் சாத்தவில்லை.

“என்ர பேரப்புள்ளை சாப்பிடுது,” என்றார். “நீ இரு, முடியட்டும்.”

அந்தப் பெண் இருந்தாள். போகும்போது ஷமீலாவின் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

பெருநாள் வந்தது, போனது. எட்டாம் மாதம் வந்தது. அந்த மாதத்தை ஷமீலா வெறுங்காலோடு முள்ளில் நடக்கிறவளைப் போலக் கடந்தாள். டொக்டர் முன்கூட்டியே வவுனியா ஆஸ்பத்திரியில் அனுமதித்தார். பிள்ளையை நாட்கள் தாண்ட விடக்கூடாது, வெட்டி எடுப்பதே பாதுகாப்பு என்றார்.

சத்திரசிகிச்சை அறையில் இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்வில்லை. முகத்துக்கு முன்னால் ஒரு பச்சைத் துணி தொங்கியது. துணிக்கு அந்தப் பக்கம் பாத்திரங்கள் முட்டின, யாரோ மெல்லக் கதைத்தார்கள். பிறகு எல்லாம் அமைதியானது. அந்த அமைதி அவளுக்குத் தெரிந்த அமைதி. பிள்ளை வெளியே வந்த பிறகு வருகிற அமைதி. முதல் தரம் அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. இரண்டாம் தரம் ஒரு முனகல் மட்டும் வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது அழுகை கேட்டது. மெலிதாகத் தொடங்கி, ஒரு தரம் தடக்கி, பிறகு அறை முழுவதையும் பிடித்துக்கொண்ட அழுகை.

“பொம்பிளைப் பிள்ளை. அளவான நிறை,” என்றார் டொக்டர்.

பிள்ளைக்குச் சீனி இறங்கியிருக்கிறதா என்று பார்க்க, தாதி குதியில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்தாள். பிள்ளை வீரிட்டது. தாதி தாயைப் பார்த்து, “பாவம், நோகுது,” என்றாள்.

“அழட்டும் மிஸி,” என்றாள் ஷமீலா. கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் ஓடியது. “நல்லா அழட்டும்.”

வெளியே விறாந்தையில் முஹ்ஸின் பிள்ளையை வாங்கப் பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். சபூறாதான் வாங்கினார். துணியை விலக்கி, காலிலிருந்து தலைவரை பார்த்தார். இதுவரை இரண்டு பேரப்பிள்ளைகளைக் கையில் ஏந்தியிருந்தார். இரண்டும் குளிர்ந்து கிடந்தன. இது சூடாக இருந்தது. “சூடா இருக்கு,” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். கேட்டவர்களுக்கு என்ன சொல்கிறார் என்று விளங்கவில்லை.

ஒரு கிழமை கழித்து ஊருக்குப் புறப்பட்டார்கள். டொக்டர் ஷமீலாவுக்குக் கடைசியாகச் சொன்னவற்றில் ஒன்று, சீனி போய்விடவில்லை, இனியும் கவனமாக இருக்க வேண்டும் என்பது. மற்றது, பிள்ளைக்கு நேரத்துக்கு நேரம் பால் கொடுக்க வேண்டும், பசிக்க விடக்கூடாது என்பது.

ஓமந்தைச் சோதனைச்சாவடியில் எல்லாரும் இறங்கி, பைகளைத் திறந்து காட்டிவிட்டு நடக்க வேண்டியிருந்தது. இராணுவத்தின் காவலரணுக்கும் இயக்கத்தின் காவலரணுக்கும் இடையில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நீண்ட வெறும் வீதி. இரு பக்கமும் மிதிவெடிக்கான மஞ்சள் நாடா கட்டிய பற்றைக்காடு. மழை விட்டிருந்தது. சனங்கள் பைகளையும் பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு அந்த இடத்தைச் சீக்கிரம் கடந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் போனார்கள். நடுவழியில் பிள்ளை தலையைத் திருப்பி வாயைத் திறந்து தேடியது.

“பசிக்குது,” என்றாள் ஷமீலா.

“அங்கால போய்க் குடுக்கலாம்,” என்றான் முஹ்ஸின், முன்னாலும் பின்னாலும் நின்ற துவக்குகளைப் பார்த்துக்கொண்டு.

“இப்ப பசிக்குது,” என்றாள் ஷமீலா.

முஹ்ஸின் உடுப்புப் பையை வீதியின் நடுவிலேயே வைத்தான். அவள் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் மெல்ல உட்கார்ந்தாள். சபூறா தன் சேலைத் தலைப்பை அகல விரித்து, காற்றுக்கும் கண்களுக்கும் மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் வந்த கூட்டம் அவர்களுக்கு முன்னால் வந்ததும் இரண்டாகப் பிரிந்து, இரு பக்கத்தாலும் நடந்து, அப்பால் போய் மறுபடி ஒன்றாகியது. இரண்டு காவலரணிலும் நின்றவர்கள் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேலைத் தலைப்புக்குள் பிள்ளை அவசரப்படாமல், இடையிடையே நின்று மூச்சு வாங்கி, மறுபடி குடித்தது.